நூற்றெட்டு ஆணி

இருங்கோ தம்பி, இதில இருங்கோ. பையை நான் மடியில வைச்சுக்கொள்ளுறன். மேல வைக்கேலாது, சம்பல் சரிஞ்சு போடும். பிட்டும் செத்தல் மிளகாய்ச் சம்பலும். மணக்குதோ? மணக்கத்தான் செய்யும். டிறைவர் ஒண்டும் சொல்லமாட்டான், அவனுக்குப் பழகிப்போச்சு. மூண்டு சனிக்கிழமை இந்த பஸ்ஸில போயிட்டன், இண்டைக்கு நாலாவது.

உங்களைக் கண்ட உடன தமிழ் எண்டு தெரிஞ்சிட்டுது. மதுரையோ? நல்லது. நான் கதைக்கிறது விளங்குதுதானே? விளங்காட்டிக் கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ. என்ர பேர் புவனேந்திரன். முப்பத்தஞ்சு வருசமா நோர்வேயின்ர இந்த வடக்கு மூலையில கிடக்கிறன். நீங்கள் வானத்தில பச்சை வெளிச்சம் பாக்க வந்தனீங்களோ? ஏப்ரல் கடைசியிலயோ? ஆர் தம்பி உங்களை இப்ப வரச்சொன்னது? இப்ப இஞ்ச வானம் வடிவா இருட்டுறதே இல்லை. சரி விடுங்கோ, வந்ததுக்கு என்ர கதையையாவது கேட்டுக்கொண்டு போங்கோ. நாலு மணித்தியாலப் பயணம், வெளியில பாக்கப் பனியைத் தவிர ஒண்டும் இல்லை.

எங்க போறன் எண்டு கேட்டனீங்கள். பழிவாங்கப் போறன்.

சிரிக்காதேங்கோ. சாப்பாட்டுப் பையோட போறவன் என்ன பழிவாங்கப் போறான் எண்டு நினைக்கிறியள். முழுக்கக் கேளுங்கோ, பேந்து சிரிக்கலாம்.

அவன்ர பேர் தில்லைநடராசா. தில்லை எண்டுதான் கூப்பிடுறது. நான் இருக்கிறது ஒரு மீன்பிடி ஊர். அதில பதினொரு தமிழ்க் குடும்பம், எல்லாரும் ஒரே மீன் பக்டரியில வேலை. மீனைத் தோலுரிச்சு, முள்ளெடுத்துத் துண்டு போடுறது. அந்தப் பதினொண்டில முதல் வந்த குடும்பம் நான். எண்பத்தொன்பதில நான் வந்து இறங்கேக்க இந்த ஊரில ஒரு கறிவேப்பிலை இணுக்குக்கூட இல்லை. தில்லை தொண்ணூத்திரண்டில வந்தவன். ஆர் கூட்டிக்கொண்டு வந்தது? நான். மேற்பார்வையாளரிட்டச் சொல்லி வேலை எடுத்துக் குடுத்தது ஆர்? நான். கத்தி பிடிக்கப் பழக்கினது ஆர்? நான் தம்பி, நான். பேந்து அவன் என்னைவிடக் கெதியா வெட்டத் தொடங்கினான், அது வேற கதை. அவன்ர வலக்கை கத்தியோட ஓடேக்க பாக்கோணும், மீனுக்கே நோகாது. சரி, அதை விடுங்கோ.

போன வருசம் ஈஸ்டர். இஞ்ச ஈஸ்டர் எண்டாச் சனம் ஸ்கூட்டரில ஏறி ஏரிக்குப் போகும். உங்கட ஊர் ஸ்கூட்டர் இல்லை, பனியில ஓடுறது. ஸ்னோமொபைல் எண்டு இங்கிலீசில சொல்லுவினம். முன்னுக்குச் சறுக்குக் கட்டை ரெண்டு, பின்னுக்குச் சில்லுக்குப் பதிலா அகலமான றப்பர் பட்டி ஒண்டு. பட்டி சுத்த வண்டி பாயும், கட்டையைத் திருப்ப வண்டி திரும்பும். அவ்வளவுதான். ஊருக்குப் பின்னால உறைஞ்ச ஏரி, அதில ஈஸ்டர் சனிக்கிழமை ஒரு ஓட்டப் போட்டி. கரையில இருந்து நேர ஓடி, மற்றப் பக்கத் தொங்கலில நட்டிருக்கிற சிவப்புக் கம்பத்தைச் சுத்தித் திரும்பி வரோணும்.

பனி கிடந்தாப் பிரச்சினை இல்லை. போன வருசம் அதுக்கு ரெண்டு நாள் முன்னம் மழை பெய்து, பேந்து உறைஞ்சு போச்சு. ஏரி முழுக்கக் கண்ணாடி. என்ர வண்டி பழசு, றப்பர் தேஞ்சது. கம்பத்தடியில திருப்பினன் பாருங்கோ, பின்பக்கம் வழுக்கி ஒரு சுத்து. பேந்து இன்னொரு சுத்து. மூண்டு சுத்துச் சுத்திப்போட்டுக் கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டிட்டுது. அது ஆருக்கும் நடக்கும். ரெண்டு வெள்ளைக்காரனுக்கும் நடந்தது. அதுக்கு நான் கோவிக்கேல்லை.

கோவம் வந்தது சித்திரை வருசத்தண்டு. ஊர் மண்டபத்தில பதினொரு குடும்பமும் கூடினது. சாப்பாடு முடிஞ்சு பாயசம் குடிக்கேக்க இவன் தில்லை எழும்பினான். ஒரு பிளாஸ்ரிக் கதிரையை நடுவில இழுத்துப்போட்டு, அதில ஏறி இருந்து, கையை இப்பிடி ஸ்கூட்டர் பிடிக்கிற மாதிரி வைச்சு, முகத்தை என்ர முகம் மாதிரி வைச்சான். அவனுக்கு அது வரும், பக்டரியில எல்லாரையும் செய்து காட்டுவான். கதிரையோட சேர்ந்து மூண்டு சுத்துச் சுத்தினான். சுத்தி முடிச்சு, கையை உச்சிக்கு மேல கூப்பி, "புவனண்ணை ஏரியில பிரதட்டை அடிச்சவர், அரோகரா!" எண்டான்.

பிரதட்டை தெரியுமோ? நேத்தி வைச்சுக் கோயில் வீதியைச் சுத்தி வெறும் மேலோட உருளுறது. உங்கட பக்கம் அங்கப்பிரதட்சணம் எண்டு சொல்லுறது. ஓம், அதுதான்.

சனம் சிரிச்சுது. சிரிச்சால் சிரிக்கட்டும். என்ர மனுசி இந்திராணி சிரிச்சவள் தம்பி. சீலைத் தலைப்பை வாயில வைச்சுக்கொண்டு, கண்ணால தண்ணி ஓட ஓடச் சிரிச்சவள். முப்பது வருசத்தில என்ர பகிடி ஒண்டுக்காவது அவள் அப்பிடிச் சிரிச்சிருப்பாளோ? இல்லை.

அண்டையில இருந்து நான் பிரதட்டை அண்ணை. பக்டரியில பிரதட்டை அண்ணை. கடையில பிரதட்டை அண்ணை. உங்களுக்கு யாழ்ப்பாணத்தாற்ற பட்டப்பேரைப் பற்றித் தெரியாது. எங்கட ஒழுங்கையில ஒரு மனுசன், சின்னத்தம்பி எண்டு பேர், சின்ன வயசில ஒருக்கா ஆட்டுக்குப் பயந்து மதிலில ஏறினவர். ஒரேயொருக்கா. எழுபத்தாறு வயசில செத்தார். ஆட்டுச் சின்னத்தம்பி செத்திட்டார் எண்டுதான் சனம் செத்தவீட்டுக்கு வந்தது. அவற்ற பேரன் இப்ப கனடாவில டொக்டர். அவனை ஆர் எண்டு கேட்டாலும், ஆட்டுச் சின்னத்தம்பியின்ர பேரன் எண்டுதான் சொல்லுவினம். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். மாப்பிள்ளை பகுதி விசாரிச்சா என்ன சொல்லுவினம்? பிரதட்டையின்ர மகள். இது விளையாட்டோ தம்பி? நீங்களே சொல்லுங்கோ.

அப்பதான் முடிவெடுத்தனான். அடுத்த ஈஸ்டர், அதே ஏரி, அதே கம்பம். அவனும் அதில ஓடுறவன்தான், எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க அவனை முந்தோணும். அவன்ர வாயாலயே அந்தப் பேரை அழிக்க வைக்கோணும். ஒரு வருசம் அதை மனசுக்குள்ள வைச்சு அவிச்சனான். அவன் வந்து கதைச்சா கதைப்பன், சிரிச்சா சிரிப்பன். உள்ளுக்கை எரிஞ்சுகொண்டு கிடந்தது.

வழி என்னெண்டு கேட்டா, ஆணி. ஐஸில வழுக்காமல் இருக்க அந்த றப்பர் பட்டியில ஆணி அடிக்கலாம். அடிக்கிறது எண்டு சொன்னாலும் சுத்தியலால அடிக்கிறேல்லை. பட்டியில துறப்பணத்தால ஓட்டை போட்டு, உள்ளுக்கால ஆணியைச் செருகி, வெளியால தகடு வைச்சு நட்டு முறுக்கிறது. ஆணியின்ர கூர் வெளியில நிக்கும். பட்டி சுத்தேக்க அது ஐஸைக் கடிச்சுக் கடிச்சு வண்டியைத் தள்ளும். பொறுங்கோ, சட்டைப் பைக்குள்ள ஒண்டு கிடக்குது. இந்தா, பிடிச்சுப் பாருங்கோ. கூரைத் தொடாதேங்கோ. இது எப்பிடி என்ர பைக்குள்ள வந்தது எண்டு பேந்து சொல்லுறன்.

சாமான் வாங்க ஊலாவ் எண்டவன்ர கடைக்குப் போனன். எத்தினை வேணும் எண்டான். நூற்றெட்டு எண்டன். அவன் என்னை ஒரு மாதிரிப் பாத்தான். "உன்ர பட்டியில நாப்பத்தெட்டு வரிசை. வரிசைக்கு ரெண்டு போட்டாத் தொண்ணூத்தாறு, மூண்டு போட்டா நூற்றிநாப்பத்திநாலு. நூற்றெட்டு எண்டு ஒரு கணக்கே இல்லை" எண்டான். எங்கட ஆக்களுக்கு ஒரு கணக்கு இருக்குது, உனக்கு விளங்காது எண்டன். நூற்றெட்டு எண்டாச் சும்மாவோ? தேங்காய் அடிச்சாலும் நூற்றெட்டு, அர்ச்சனை செய்தாலும் நூற்றெட்டு. "அப்ப மிஞ்சிற பன்னிரண்டையும் எங்க குத்துவாய்?" எண்டான். ஓரத்தில குத்துறன் எண்டன். "ஓரத்தில குத்தாதே, ஓரம் பலமில்லை, ஆணி கழண்டு வந்திடும்" எண்டான். இன்னொண்டும் சொன்னவன்: பின்னுக்கு ஆணி போட்டா முன்னுக்குச் சறுக்குக் கட்டையின்ர அடியிலயும் கூர் இரும்பு பூட்டோணுமாம், இல்லாட்டி வண்டி திரும்பாதாம். கடைக்காரன் எண்டா விக்கத்தானே பாப்பான். தலையை ஆட்டிப்போட்டு நூற்றெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தன்.

பங்குனி மாசம் முழுக்க வேலை முடிஞ்சு வந்து வீட்டுக் கொட்டிலுக்குள்ள இதுதான் செய்தனான். ஒவ்வொரு ஆணிக்கும் ஒருக்கா முருகா எண்டு சொல்லி முறுக்கினன். இந்திராணி வந்து வாசலில நிண்டு பாத்தாள். "அறுபத்தொரு வயசில உங்களுக்கு விசரோ? தில்லை உங்களில எவ்வளவு பட்சம். பகிடிக்குச் சொன்னதை இப்பிடிக் காவிக்கொண்டு திரியிறியள்" எண்டாள். நான் அடுத்த ஆணியை முறுக்கினன். சிரிச்ச வாய்தானே அது.

அவனுக்கும் தெரிஞ்சு போச்சு. பக்டரியில உடுப்பு மாத்தேக்க என்ர காற்சட்டைப் பையில இருந்து ஒரு நட்டு விழுந்தது. எடுத்துத் தந்தவன் தில்லை. தந்துபோட்டுக் காதுக்குள்ள கேட்டான்: "அண்ணை, ஆணி போடுறியளோ? முன்னுக்கும் கட்டைக்கு இரும்பு போட்டிட்டியளோ? பின்னுக்கு மட்டும் போட்டா நேரதான் போகும், திரும்பாது." பாத்தியளே தம்பி அவன்ர கெட்டித்தனத்தை? முன்னுக்கும் இரும்பு போட்டால் அது ஐஸைக் கிழிச்சுக்கொண்டு இழுபடும், வண்டி வேகம் குறையும். அதுதான் அவனுக்கு வேணும். போட்டிட்டன் எண்டு பொய் சொன்னன்.

அவன் நம்பேல்லை. அடுத்த நாள் வேலையால வர, வாசல் கைப்பிடியில ஒரு பை தொங்குது. உள்ளுக்கு ரெண்டு கூர் இரும்பு. தன்ர பழைய வண்டியால கழட்டி, கறள் உரஞ்சி, எண்ணெய் பூசிக் கொண்டுவந்து கொழுவியிருக்கிறான். அவ்வளவு சூழ்ச்சி! அதை நான் பூட்டுவனோ? கொட்டில் கதவு காத்துக்கு அடிக்காமல் இருக்க முட்டுக்கு வைச்சன். இப்பவும் அங்கதான் கிடக்குது. வரேக்க போகேக்க காலில தட்டுப்படும்.

ஈஸ்டர் சனிக்கிழமை வந்தது. முருகன் என்ர பக்கம். திரும்பவும் மழை பெய்து உறைஞ்சு ஏரி கண்ணாடி மாதிரி. நல்ல நேரம் பாத்து, வண்டியின்ர முன் கண்ணாடியில திருநீறு பூசி, கற்பூரம் கொளுத்தி, பட்டிக்கு அடியில ஒரு தேசிக்காய் வைச்சன், உங்கட எலுமிச்சம்பழம். வண்டி எடுக்கேக்க தேசிக்காய் நசியோணும் எல்லே? அது நசியேல்லை. ஆணியில குத்துப்பட்டு, பட்டியோட சேர்ந்து சுத்தத் தொடங்கிச்சுது. மஞ்சளா ஒருக்கா வரும், உள்ளுக்குப் போகும், திரும்ப வரும். சனம் பாத்துச் சிரிச்சுது. தில்லை மட்டும் சிரிக்கேல்லை. அவன் குனிஞ்சு என்ர முன் கட்டையைப் பாத்தான். பாத்திட்டு ஓடி வந்தான். "அண்ணை, இரும்பு போடேல்லையே! கம்பத்துக்கு அங்கால ஆத்து வாய், அதில ஐஸ் மெல்லிசு. மெதுவாப் போங்கோ, இல்லாட்டி ஓடாதேங்கோ அண்ணை" எண்டான். பயந்திட்டான் எண்டு எனக்கு விளங்கீட்டுது. தோக்கப் போறன் எண்ட பயம். எவ்வளவு சந்தோசமா இருந்தது தெரியுமோ அந்த முகத்தைப் பாக்க?

கொடி விழுந்தது. ஐயோ தம்பி, அந்த ஓட்டத்தை நான் எப்பிடிச் சொல்லுவன்! ஆணி ஐஸைக் கடிக்கிற சத்தம் நெஞ்சுக்குள்ள கேக்குது. எல்லாரும் வழுக்கிக்கொண்டு நிக்க நான் அம்பு மாதிரிப் போறன். தில்லை பின்னால. நல்லாப் பின்னால. கரையில சனம் கத்துது. பிரதட்டையோ? இப்ப சொல்லுங்கோடா பிரதட்டை எண்டு.

கம்பம் வந்தது. திருப்பினன். கட்டை திரும்பிச்சு, வண்டி திரும்பேல்லை. நேர போகுது. இன்னும் திருப்பினன். கட்டை குறுக்கால நிண்டு வழுக்குது, பின்னால நூற்றெட்டு ஆணியும் தள்ளுது. கம்பத்தைத் தாண்டி, எச்சரிக்கைக்கு நட்டிருந்த தடியளைத் தாண்டிப் போகுது. பெருவிரலை எடுத்திருந்தா வண்டி நிண்டிருக்கும், வலப்பக்கப் பிடியில பெருவிரலால அமத்திறதுதான் வேகம். எல்லாரும் அதைத்தான் கேக்கினம், ஏன் எடுக்கேல்லை எண்டு. எடுத்தால் அவன் முந்திடுவான் எல்லே? திரும்பிப் பாத்தன். பாத்தால் அவனும் கம்பத்தை விட்டிட்டு என்ர பின்னால வாறான். கையைக் காட்டிக் கத்திக் கத்தி வாறான். முந்தப் பாக்கிறான் எண்டு நினைச்சு நான் இன்னும் அமத்தினன்.

பேந்து ஐஸ் உடைஞ்சுது. முன்பக்கம் தண்ணிக்குள்ள இறங்கி, பின்பக்கம் ஐஸ் விளிம்பில தூக்கிக்கொண்டு நிக்குது. நான் நெஞ்சளவு தண்ணியில, பிடியைப் பிடிச்சுக்கொண்டு தொங்கிறன். எஞ்சின் நிக்கேல்லை. பட்டி வெறுமனே சுத்துது, ஐஸைச் சீவிச் சீவி என்ர தலைக்கு மேல கொட்டுது. தில்லை தன்ர வண்டியைத் தூரத்தில விட்டிட்டு, ஐஸில குப்புறப் படுத்து ஊர்ந்து ஊர்ந்து வந்தான். இடக்கையால என்ர சட்டைக் கழுத்தைப் பிடிச்சான், நாய்க்குட்டியைத் தூக்கிற மாதிரி. அந்த நேரம் பாத்து வண்டி வழுக்கி என்ர மேல இறங்கப் பாத்தது. அவன் மற்றக் கையால அதின்ர பின் கம்பியை எட்டிப் பிடிச்சுத் தாங்கினான். "பெருவிரலை எடுங்கோ அண்ணை! எடுங்கோ!" எண்டு கத்தினான்.

இவன் சொல்லி நான் எடுக்கிறதோ எண்டு ஒரு நினைப்பு வந்தது தம்பி. ஒரு கணம்தான். இதை நான் இந்திராணிக்கும் சொல்லேல்லை. பொலிசுக்கும் சொல்லேல்லை, குளிரில விரல் இறுகிப்போச்சு எண்டுதான் சொன்னனான். ஒரு கணம், அவ்வளவுதான். பேந்து எடுத்திட்டன். அந்த ஒரு கணத்துக்குள்ள அவன்ர வலக்கை கம்பியில இருந்து வழுக்கிப் பட்டிக்குள்ள போயிட்டுது.

வெளியில கிடக்கிறது என்ன மலை தம்பி, வெறும் பனி, அதைப் பாக்காதேங்கோ. கதையைக் கேளுங்கோ.

கை அப்பிடி இருக்க, இடக்கையால என்னை முழுக்க வெளியில இழுத்துப் போட்டிட்டுத்தான் அவன் தன்ர கையைப் பாத்தவன். பாத்திட்டு, "அண்ணை, நீங்கள்தான் முதலாவது, நான் கம்பத்தைச் சுத்தேல்லை" எண்டான். அதிலயும் நக்கல். நானும்தான் சுத்தேல்லை. ஹெலிகொப்டர் வந்து ரெண்டு பேரையும் பட்டினத்து ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போனது. என்னை அடுத்த நாளே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டினம். அவனுக்கு ரெண்டு விரல் போயிட்டுது. மிச்ச மூண்டையும் தைச்சுக் கட்டி வைச்சிருக்கினம்.

ஆணி என்ரதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் கையைக் கொண்டுபோய்த் தரச்சொல்லி நான் கேட்டனானோ? நான் தோத்திருப்பன், இல்லாட்டிச் செத்திருப்பன், ரெண்டில ஒண்டு என்ர பாட்டில நடந்திருக்கும். இப்ப பாருங்கோ, காலம் முழுக்க அவனுக்குக் கடமைப்பட்டவன் நான். இதைவிட ஒரு மனுசனுக்கு ஒருத்தன் என்ன அநியாயம் செய்யலாம்?

வண்டியைத் தண்ணிக்குள்ளால தூக்கிக்கொண்டு வந்து கொட்டிலில போட்டினம். நான் போய் ஆணியை எண்ணினன். நூற்றேழு. திரும்ப எண்ணினன். நூற்றேழுதான். ஓரத்தில குத்தின பன்னிரண்டில ஒண்டு இல்லை.

ரெண்டு கிழமைக்கு முன்னம்தான் சித்திரை வருசக் கூட்டம், அதே மண்டபம். எனக்குப் பக்கத்துக் கதிரை சும்மா கிடந்தது. ஒருத்தரும் பிரதட்டை எண்டு கூப்பிடேல்லை தம்பி. ஒருத்தரும். பக்டரியிலயும் இல்லை, கடையிலயும் இல்லை. நான் நினைச்சது நடந்திட்டுது எல்லே? பேர் அழிஞ்சு போச்சு. என்னோட ஒருத்தரும் கதைக்கிறேல்லை எண்டதுதான், மற்றும்படி வெற்றிதான். பாயசத்தைக் குடிச்சிட்டு வந்திட்டன். இந்திராணி மட்டும் வழியில கேட்டாள், "அந்த மனுசனிட்ட ஒரு சொல்லு மன்னிப்பு எண்டு கேட்டனீங்களோ?" எண்டு. நான் ஏன் கேக்கோணும்? அவன் கேட்டவனோ, கதிரையில சுத்தினதுக்கு?

அவன் கேக்கேல்லை. கேக்கவும் மாட்டான். முதல் சனிக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போக, என்ன சொன்னவன் தெரியுமோ? கை முழுக்கத் துணிக்கட்டு, முகம் வெளிறிக் கிடக்குது, என்னைக் கண்டிட்டு, "வாங்கோ பிரதட்டை அண்ணை" எண்டான். இந்த உலகத்தில இப்ப என்னை அப்பிடிக் கூப்பிடுறவன் அவன் ஒருத்தன்தான். பேந்து அங்க நிண்ட நேர்ஸ்மாருக்குக் கதையைச் சொல்லத் தொடங்கினான். கட்டுப்போட்ட கையைத் தூக்கி, முகத்தை என்ர முகம் மாதிரி வைச்சு, கட்டிலில இருந்தபடி சுத்திக் காட்டுறான். தேசிக்காய் சுத்தினதையும் சேர்த்துக் காட்டுறான்! நேர்ஸ்மார் விழுந்து விழுந்து சிரிக்கினம். முடிய, மேசையில இருந்த ஒரு சின்னப் போத்தலை எடுத்து என்னட்டத் தந்தான். "அண்ணை, உங்கட சாமான், டொக்டர் எடுத்துத் தந்தவர். நூற்றெட்டும் சரி எல்லே?" எண்டான். உங்கட கையில கிடக்கிறதுதான் அது. தாங்கோ, நான் வைச்சுக்கொள்ளுறன்.

அண்டைக்கு எனக்கு வந்த கோவம்! இவனை விடக்கூடாது எண்டு அந்த இடத்திலயே தீர்மானிச்சிட்டன்.

அப்பதான் பாத்தன், மேசையில சாப்பாடு அப்பிடியே கிடக்குது. அவிச்ச உருளைக்கிழங்கும் அவிச்ச மீனும். ஏன் தின்னேல்லை எண்டு கேட்டன். நேர்ஸ்தான் சொன்னவள், ஒரு கிழமையா அவன் வடிவாச் சாப்பிடுறேல்லை, தான் வாயில தீத்தவும் விடுறேல்லை, இடக்கையில கரண்டி குடுத்தாலும் வேண்டாமாம். எனக்கு உடன விளங்கீட்டுது. பீச்சங்கையால அவன் சாப்பிடமாட்டான். அவனுக்கு அவன்ர அம்மா அப்பிடிப் பழக்கினது. அவன்ர மனுசியும் மகளோட ஒஸ்லோவில, வந்து ரெண்டு நாள் நிண்டிட்டு வேலைக்குப் போயிட்டாள். இதை ஆர் அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துறது?

பிடிச்சன் தம்பி, அந்த இடத்தில அவன்ர குடுமியைப் பிடிச்சன். அடுத்த சனிக்கிழமை பிட்டோட போனன். கையைக் கழுவிக்கொண்டு கட்டிலில இருந்து, பிட்டைச் சம்பலோட பிசைஞ்சு, "ஆ காட்டு" எண்டன். முழிச்சான். வேண்டாம் அண்ணை எண்டான். ஆ காட்டடா எண்டு ஒரு அதட்டு. ஐம்பத்தெட்டு வயசு ஆம்பிளை, என்னைப் பிரதட்டை எண்டவன், என்ர கையால வாங்கித் தின்னோணும். வேற வழி இல்லை. பாத்தியளே? அவன் வாயைத் திறந்தான். கண் கலங்கிப் போச்சு. வெக்கத்திலதான், வேற என்ன?

சம்பலுக்கு நான் வேணும் எண்டே ரெண்டு மடங்கு செத்தல் மிளகாய் போடுறனான். வேலைக்குச் சேந்த நாளில இருந்தே அவன் உறைப்புக் காணாது காணாது எண்டு என்ர சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள கை வைக்கிறவன், இப்ப தின்னட்டும். கவளமும் சின்னனாக் குடுக்கிறேல்லை. பெரிசு பெரிசா அடைவன். ஏன் தெரியுமோ? வாய் நிறைஞ்சு கிடந்தா ஏரிக் கதை சொல்லேலாது எல்லே. நேர்ஸ்மார் வந்து நிண்டு பாப்பினம். அவன் என்னவோ சொல்ல வாயெடுப்பான், நான் அடுத்த கவளத்தை வைச்சிடுவன். அரை மணித்தியாலம் ஒரு சொல்லுப் பேசமாட்டான். பிட்டு முடிஞ்சாப் பிறகு வாயைத் துடைச்சு விடுவன், அவன் "உறைப்புக் காணாது" எண்டு சொல்லுவான், நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்திடுவன்.

நீங்கள் இறங்கிற இடம் இன்னும் வரேல்லை, அந்தப் பாலம் தாண்டோணும். சாப்பிட்டனீங்களோ? கோவிக்காதேங்கோ, இதில தரமாட்டன். இது அவனுக்கு.

போன கிழமை டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவன், அந்தக் கை இனி முந்தின மாதிரி வராதாம், கத்தி பிடிக்கவே பிடிக்காதாம். மிச்ச மூண்டு விரலும் மடங்க ஒரு வருசம் ஆகுமோ, ரெண்டு வருசம் ஆகுமோ தெரியாதாம். ஆகட்டும். எனக்கு என்ன அவசரம்? வீட்டுக்கு வந்தாலும் எங்கட வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளித்தானே வரப்போறான், பஸ்ஸும் தேவையில்லை. மூண்டு நேரமும் போய் நிப்பன். அந்தக் கை பிட்டுப் பிசையுமட்டும் நான் அவனை விடமாட்டன் தம்பி.